சூடு வேண்டாத ஊரில் ஹீட்டர்: ஒரு ஓஸ் பைப்பின் வரலாறு

காரைக்கால் நகரத்துக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கும் ஊர் வரிச்சிக்குடி. பிரெஞ்சுக்காரர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் "கொம்யூன்" என்ற சொல் மட்டும் இந்தப் பக்கம் போகவில்லை. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கடல் காற்று. சித்திரை, வைகாசியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மார்கழி மாதத்து விடியற்காலையில்கூட ஒரு துண்டைத் தலையில் சுற்றினால் போதும். குளிருக்கு அதற்கு மேல் இங்கே மரியாதை கிடையாது!

அப்படிப்பட்ட ஊரில் காருக்கு ஹீட்டர் எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் இன்று இந்தப் பக்கம் ஓடும் ஏறக்குறைய எல்லா ஏசி கார்களிலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஹீட்டர் உட்கார்ந்திருக்கிறது. வாங்கினவர் அதை ஒரு நாளும் போட்டிருக்க மாட்டார். அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அது ஒழுக ஆரம்பிக்கும் நாளில்தான் தெரியவரும். திருநள்ளாற்றுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வெளியூர் வண்டிகள் சாரிசாரியாக வரும் பிரதேசம் இது. 2023 டிசம்பர் 20 அன்று நடந்த சனிப்பெயர்ச்சி போன்ற நாட்களில் கேட்கவே வேண்டாம். தூரப் பயணத்தில் ஒழுகத் தொடங்கிய ஹீட்டரைக் கழற்றி மாற்ற அவகாசம் இருக்காது. மெக்கானிக் இரண்டு ஓஸ் பைப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டு, "ஊர் போய்ச் சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவார். இதற்குப் பெயர்தான் ஹீட்டர் பைபாஸ்.

பார்ப்பதற்கு ஒட்டுவேலை. ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஹீட்டர் கோர் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டரில் போய் ஆறுகிறது. அந்தச் சூடான தண்ணீரில் ஒரு பங்கு தனியாகப் பிரிந்து, வண்டிக்குள் இருக்கும் இந்தக் குட்டி ரேடியேட்டர் வழியாகவும் ஓடும். அதன் மேல் ஒரு விசிறி காற்றை ஊதினால் உள்ளே இருப்பவர்களுக்கு வெதுவெதுப்பு. வீணாகப் போகும் சூட்டை வைத்து நடக்கும் காரியம் என்பதால் தனி எரிபொருள் செலவு கிடையாது. காமர்ஸ்காரர்கள் மொழியில் சொன்னால், இது ஒரு துணை விளைபொருள்!

உள்ளே போக ஒரு பைப், வெளியே வர ஒரு பைப். இந்த இரண்டு பைப்பும்தான் கதாநாயகர்கள்.

அடுப்பிலிருந்து வெந்நீர் வரை

ஆரம்பகால கார்களுக்குக் கூரையே கிடையாது. குளிர் தேசத்தில் கம்பளி, தோல் கோட்டு, காலடியில் சுடவைத்த செங்கல் அல்லது கரி போட்ட தகரப் பெட்டி... இவ்வளவுதான் வசதி. "கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர்" என்று 1893-ல் காப்புரிமை வாங்கிய சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணியைப் பலரும் எழுதுவதுண்டு. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் "கார்" என்றால் பெரும்பாலும் ரயில் பெட்டி. அவர் யோசித்ததும் ரயில் பெட்டிக்குத்தான். ஒரு சொல்லின் பொருள் மாறியதால் ஒரு வரலாறே மாறிப்போனது!

மூடிய கார்கள் பரவிய பிறகு, புகைபோக்கிக் குழாயின் சூட்டை உள்ளே கொண்டுவந்தார்கள். 1929 வாக்கில் ஃபோர்டு மாடல் ஏ கார்களுக்கு இப்படிப்பட்ட ஹீட்டர் கிடைத்தது. எங்காவது ஓட்டை விழுந்தால் சூட்டோடு சேர்ந்து நச்சுப் புகையும் உள்ளே வரும் என்பது இதிலிருந்த ஆபத்து. 1920களின் இறுதியிலும் 1930களிலும் எஞ்சின் வெந்நீரைப் பயன்படுத்தும் முறை வந்தது. 1938-ல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்றைய கார்களில் இருப்பது அதன் வாரிசுதான்.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. பிரான்சில் 1948-ல் அறிமுகமான சித்ரோயன் 2சிவி காரில் எஞ்சினைக் குளிர்விப்பது காற்றுதான். ரேடியேட்டரே இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் ஒழுகுவது எப்படி? ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் இதே ஜாதி.

தண்ணீரும் உப்பும்

தண்ணீரால் எஞ்சினைக் குளிர்விக்கும் கலை 1900-1901ல் ஒரு பெரிய தாவல் தாவியது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் காரின் தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டே நிறையச் சூட்டை வெளியேற்ற முடிந்தது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆரம்பத்தில் செய்த சில வண்டிகள் போக மற்றவற்றுக்குத் தண்ணீர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அந்த இயற்கையை நம்பியே வண்டி ஓடியது.

குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துபோகும். உறையும் தண்ணீர் பெருக்கும், பெருத்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். இதற்கு மருந்தாக வந்தது எத்திலீன் கிளைக்கால். 1850களில் இதை முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ். கார் ரேடியேட்டருக்கான சரக்காக இது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1927-ல். உறையாமல் காப்பதோடு, கொதிநிலையையும் உயர்த்தும். அதோடு சேர்க்கும் வேறு சில ரசாயனங்கள் துருவைத் தடுக்கும்.

நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. அதனால் "கூலன்ட்" என்பது பணக்கார வியாதி என்றே பல காலம் நினைத்தார்கள். கைப்பம்பிலோ வாய்க்காலிலோ கிடைத்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். கடலோர மண்ணில் நிலத்தடி நீர் உப்பு கலந்தது. உப்பு உலோகத்தை அரிக்கும். கடின நீர் சூடானால் வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போல வெள்ளைக் காறை படியும். பெரிய ரேடியேட்டரில் அது படிந்தால் வண்டி சூடாகும். ஹீட்டர் கோரின் குழாய்களோ இன்னும் மெல்லியவை. அங்கே அரிப்பு தொடங்கினால் ஓட்டை விழ அதிக காலம் எடுக்காது. குளிருக்காக வந்த மருந்து, குளிரே இல்லாத ஊருக்கும் துருவின் காரணமாகத் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் பல வருஷங்கள் ஆனது.

ஹீட்டர் இல்லாமல் பிறந்த கார்கள்

1739-லிருந்து பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. இதே காலத்தில் இந்திய மோட்டார் தொழிலிலும் ஒரு ஆட்சி மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அந்நிய உதிரிபாகங்களை வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும் என்று 1953-ல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. 1920களில் இங்கே வந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954 வாக்கில் கடையைக் கட்டின. மிஞ்சியவை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு போன்ற சில பெயர்கள்தான். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் காரைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது.

இங்கேதான் சுவாரசியமான விஷயம். நமக்கு வந்த கார்களில் பலவற்றின் மூலவடிவம் பிரிட்டனில் பிறந்தது. அம்பாஸடருக்கு மோரிஸ் ஆக்ஸ்போர்டு, 1961-லிருந்து சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு டிரையம்ப் ஹெரால்டு. அந்தக் குளிர் நாட்டிலேயே 1950களில் ஹீட்டர் என்பது பல கார்களில் கூடுதல் காசு கொடுத்தால்தான் கிடைக்கும்! 1959-ல் வந்த மினியின் மலிவு மாடலுக்குக்கூட ஹீட்டர் தனி விலை. ஆகவே எஞ்சினை வடிவமைத்தவர்கள், ஹீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும்படியே வடிவமைத்தார்கள். ஹீட்டர் பைப் புறப்பட வேண்டிய இடத்தில் ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிட்டால் கதை முடிந்தது.

அப்படியென்றால், ஹீட்டரை பைபாஸ் செய்வது புதிதாக ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பது ஆகாது. ஹீட்டர் வாங்காதவனுக்குக் கம்பெனியே விற்ற வண்டியின் பழைய உருவத்துக்கு வண்டியைத் திருப்பி அனுப்புவது! மெக்கானிக் செய்வதைப் பார்த்து "ஒப்பேத்துகிறான்" என்று முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஹீட்டர் எப்போது கட்டாயம் ஆனது? 1968-ல் அமெரிக்கா, கார்களின் முன் கண்ணாடியில் படியும் பனியையும் ஆவியையும் நீக்கும் வசதி இருந்தே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதுவரை சொகுசாக இருந்தது அன்று முதல் பாதுகாப்புப் பொருள் ஆனது. உலகத்துக்கெல்லாம் ஒரே கார் என்ற காலம் வந்தபோது அந்த ஹீட்டரும் கூடவே நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

மஞ்சள் தூளும் அணு நீர்மூழ்கியும்

ஓஸை மாற்றிப் போடுவதற்கு முன்னால் நம் டிரைவர்கள் செய்யும் இன்னொரு வைத்தியம் உண்டு. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சின்ன ஓட்டையாக இருந்தால் வேலை செய்யும். தண்ணீரோடு சுற்றும் நார்த்துகள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதைப் பட்டிக்காட்டு வைத்தியம் என்று ஒதுக்குவதற்கு முன் 1958-ல் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸ், பனிக்கட்டிக்கு அடியில் வட துருவத்தைக் கடக்கும் ரகசியப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் நீராவிக் குளிர்விப்பானில் கடல் நீர்க் கசிவு. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாலுமிகள் சாதாரண உடையில் ஊருக்குள் போய், கார் ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கும் சரக்கை 140 குவார்ட் (சுமார் 132 லிட்டர்) கடை கடையாக வாங்கி வந்தார்கள். கசிவு நின்றது. 1958 ஆகஸ்ட் 3 அன்று நாட்டிலஸ் துருவத்தைக் கடந்தது!

அமெரிக்காவில் விற்ற அந்த மாதிரி சரக்குகளில் பழைய காலத்தில் சேர்த்த ஒரு பொருள் இஞ்சித் தூள். இஞ்சியும் மஞ்சளும் ஒரே தாவரக் குடும்பம். கடல் கடந்து இரண்டு தேசத்துக்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, பங்காளிக் கிழங்குகளைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு ஒரு விலை உண்டு. ஓட்டையை அடைக்கும் தூளுக்கு, எது ஓட்டை எது வழி என்று தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அது சேர்த்தே அடைத்துவிடும்.

குக்கரும் ரேடியேட்டரும்

பழைய ஒழுகலுக்கும் இன்றைய ஒழுகலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதுதான் அழுத்தம்.

வீட்டு பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. பார்க்கச் சாதாரண மூடி. ஆனால் 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பைக் கைவிட்டபோது, அந்த எந்திரங்களை வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது சென்னையின் சுந்தரம் பாஸனர்ஸ். பிறகு ஜெனரல் மோட்டார்ஸுக்கே மூடி சப்ளை செய்து, சிறந்த சப்ளையர் விருதைத் தொடர்ந்து ஐந்து வருஷம் வாங்கியது. 1954-ல் கடையைக் கட்டிக்கொண்டு போன கம்பெனி, நாற்பது வருஷம் கழித்து மூடிக்காக நம்மிடமே வந்தது!

விஷயத்துக்கு வரலாம். அழுத்தம் ஏற ஏற, ஓட்டை விழுந்தால் வரும் ஆபத்தும் ஏறுகிறது. அதுவும் ஹீட்டர் கோர் இருப்பது முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் காலுக்கு அருகில். 100 டிகிரியை நெருங்கும் தண்ணீர் அங்கே பீய்ச்சினால் என்ன ஆகும்? இது கற்பனை இல்லை. 1980களில் விற்ற ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா வகைக் கார்களில் ஹீட்டர் கோர் வெடித்துக் காலைச் சுடும் அபாயம் தெரியவந்து, அமெரிக்காவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி கொடுத்த பரிகாரம் என்ன தெரியுமா? ஒரு பைபாஸ் வால்வு! மெக்கானிக் ஷெட்டில் நடக்கும் அதே யோசனை, கம்பெனி முத்திரையோடு.

இன்னொரு தப்பெண்ணமும் இருக்கிறது. "நாம்தான் ஹீட்டர் போடுவதே இல்லையே, அது எப்படிக் கெடும்?" பழைய கார்களில் குமிழைத் திருப்பினால் ஒரு வால்வு மூடித் தண்ணீரே போகாது. பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் அந்த வால்வை எடுத்துவிட்டார்கள். வெந்நீர் எந்நேரமும் ஹீட்டர் கோரில் ஓடிக்கொண்டே இருக்கும். குமிழைத் திருப்பினால் காற்று போகும் கதவு மட்டும் மாறும். அதாவது காரைக்கால் வெயிலில் ஏசி ஜில்லென்று வீசும்போதும், ஒரு சாண் தள்ளிக் கொதிக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது

கடலோர ஈரக்காற்றில் இதுவும் ஒரு சிக்கல். ஏசி ஓடும்போது காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகி வழியும். அந்த வடிகுழாய் அடைத்துக்கொண்டால் காலடி கார்ப்பெட் நனையும். அது வெறும் தண்ணீர். ஹீட்டர் ஒழுகினாலும் கார்ப்பெட்தான் நனையும். ஆனால் அது நிறத்தோடு, பிசுபிசுப்பாக இருக்கும். வண்டிக்குள் ஒரு இனிப்பு வாசனை வரும், கண்ணாடியில் எண்ணெய் தடவியது போல ஒரு படலம் நிற்கும், ரேடியேட்டரில் அளவு குறைந்துகொண்டே வரும். அந்த இனிப்பு ஏமாற்று இனிப்பு. எத்திலீன் கிளைக்கால் விஷம். தரையில் சிந்தினதை நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். கழற்றும்போது வழிவதைப் பாத்திரத்தில் பிடிக்காமல் தெருவில் விடுவது பாவம்.

பைபாஸ் செய்வது இரண்டு விதம். ஒன்று, இரண்டு வாயையும் தனித்தனியாக அடைப்பது. இன்னொன்று, போகும் பைப்பையும் வரும் பைப்பையும் ஒன்றாகச் சேர்ப்பது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்று அல்ல. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரிவதே இந்த ஹீட்டர் வழியாக வரும் தண்ணீரால்தான். அங்கே அடைத்துவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, எஞ்சின் கொதிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும். அதனால் அனுபவசாலிகள் அடைப்பதில்லை, சேர்க்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறப்பார்கள். வேலை முடிந்ததும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, கூலன்டை நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்த பிறகே "போகலாம்" என்பார்கள்.

தற்காலிகம் என்ற சொல்

பிரச்சினை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. பைபாஸுக்குத் தேவை ஒரு துண்டு ஓஸும் இரண்டு கிளிப்பும். ஹீட்டர் கோரை மாற்றவோ, பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். பொருளின் விலையை விடக் கூலி பல மடங்கு. வெயில் ஊரில் ஹீட்டரின் பயன் ஏறக்குறைய பூஜ்யம். லாப நஷ்டக் கணக்குப் போட்டால் எந்தக் காமர்ஸ் மாணவனும் "அப்படியே விடு" என்றுதான் சொல்வான். தற்காலிகம் அப்படித்தான் நிரந்தரம் ஆகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு வரிகள் விடுபட்டுப் போகின்றன.

முதல் வரி, ஏற்றத்திலோ வெயிலிலோ எஞ்சின் சூடேறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாகப் போடுவது பழைய டிரைவர்களின் தந்திரம். உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்கள்தான், ஆனால் எஞ்சின் பிழைக்கும். குட்டி ரேடியேட்டரும் ஒரு ரேடியேட்டர்தானே! பைபாஸ் செய்த வண்டிக்கு அந்தக் கடைசி உதவி இல்லை.

இரண்டாவது வரி, வண்டி எப்போதும் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியில் படியும் ஆவியைச் சமவெளியில் ஏசியே துடைத்துவிடும். அதே வண்டி டிசம்பரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறினால், கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது தெரிய வேண்டும். கையில் விற்றவன் பைபாஸ் விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டான். வாங்கினவன் குமிழைத் திருப்புவான், குளிர்ந்த காற்றுதான் வரும்.

ஆகவே பைபாஸ் செய்வது தப்பில்லை. சொல்லாமல் விடுவதுதான் தப்பு. பேரேட்டில் ஒரு கடனை எழுதாமல் விட்டால் கடன் இல்லாமல் போய்விடாது. போனட்டுக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டி, இன்ன தேதியில் ஹீட்டர் பைபாஸ் செய்யப்பட்டது என்று இரண்டு வரி எழுதிவைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

2014-ல் அம்பாஸடர் தயாரிப்பு நின்றது. மின்சாரக் கார்களில் எஞ்சினே இல்லை, இலவசச் சூடும் இல்லை. பேட்டரியிலிருந்துதான் சூடாக்க வேண்டும். இன்னும் சில காலத்தில் இந்த இரண்டு ஓஸ் பைப்புகளும் பழங்கதை ஆகிவிடலாம். அடைப்பதா, சேர்ப்பதா என்று தொட்டுப் பார்த்தே முடிவு செய்யும் கைகள் அதற்குள் ஓய்வு பெற்றுவிடும். அவர்கள் செய்த வேலைக்கு ரசீது இருக்காது, புத்தகம் இருக்காது. ஊர் போய்ச் சேர்ந்த வண்டிகள் மட்டும்தான் சாட்சி.